அவர் காட்டும் நபருக்கு

பூட்டுக்கடை அக்காவின் வீடு முதல் தடவை தரையை விட்டு எழும்பியபோது ஒரு சாண் உயரம்தான் எழும்பியது. அன்று செவ்வாய்க்கிழமை. தண்ணீர்க் குழாய் இழுபட்டு அறுந்தது. வாசற்படிக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் போய்வரும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அக்காவின் மகள் கழற்றிப் போட்டிருந்த செருப்பில் ஒன்று வீட்டுக்கு அடியில் போய்விட்டது. குழாய் வேலைக்காரர் வந்து ரப்பர் குழாயில் இரண்டடி சேர்த்துக் கட்டி, கூலியை வாங்கிக்கொண்டு, இன்னும் எழும்பினால் சொல்லுங்கள், மீதிக் குழாயைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய வீடுகள் சில சமயம் இப்படிச் செய்யும் என்று எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் சொன்னார். அவர் எதற்கும் ஒரு காரணம் சொல்லக்கூடியவர் என்பதால் தெருவும் அத்தோடு விட்டுவிட்டது.

உண்மையான காரணம், அதே செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நடந்தது. அக்காவின் கூடப்பிறந்த தம்பி, அந்த வீட்டின் விற்பனை ஒப்பந்தத்தை ஒரு சிமெண்ட் வியாபாரிக்குக் கைமாற்றி விட்டான். வீட்டை அல்ல, காகிதத்தை. வீடு அவனுடையதாக ஒரு நாளும் இருந்ததில்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதுதான் அந்தத் தொழிலின் அழகு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தம்பி கெட்டவன் இல்லை என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே இருக்கட்டும். பைக் விற்கும் ஷோரூமில் வேலை போன பிறகு அவன் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் வகுப்புக்குப் போனான். கைக்காசு இல்லாமல் வீடு மனைத் தொழில் தொடங்குவது எப்படி என்பது வகுப்பு. நடத்தியவர் அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்ததால் அவருக்குக் கோட்டு சார் என்றே பெயர். உங்கள் காசு ஒன்றும் போக வேண்டாம், கூச்சம் மட்டும் போனால் போதும் என்று அவர் ஆரம்பித்தார். கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்காரரைத் தேடு. புல் மண்டிய வாசல், பெட்டியில் குவிந்து கிடக்கும் கடிதங்கள், சமீபத்தில் ஒரு சாவு, இவை அடையாளம். பாதி விலைக்கு ஒப்பந்தம் போட்டு மூன்று மாதம் தவணை கேள். அதற்குள் இன்னொருவனுக்கு அதைக் கைமாற்றிவிட்டு நடுவில் விழுவதை எடுத்துக்கொள். முதல் வேட்டையை வேண்டியவர்களிடமே ஆரம்பி, அவர்கள்தான் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். வீட்டுப்பாடமாக, தெரிந்தவர்களில் கஷ்டப்படுகிறவர்கள் இருபது பேரை எழுதி வரச் சொன்னார். தம்பி முதல் வரியில் அக்காவை எழுதினான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவன் பேனா கூட ஆடவில்லை.

அக்காவுக்குப் புருஷன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் உட்கார்ந்த அதே முன்னறையில், அவருடைய அரங்களையும் சாவி வெட்டும் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு அவள் பூட்டு ரிப்பேர் பார்த்தாள். மகள் ஏழாம் வகுப்பு. வைத்தியச் செலவுக்கு வீட்டின்மேல் வாங்கிய கடனுக்கு வங்கியிலிருந்து மூன்று கடிதம் வந்திருந்தது. தம்பி வந்து தரையில் உட்கார்ந்து, ஒரு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார், கடனை அடைத்துவிட்டு மிச்சத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றான். ஆள் யார் என்று அக்கா கேட்டாள். இப்போதைக்கு என் பேரில் போடுவோம், என்னை நம்பமாட்டியா என்றான். அவன் பள்ளிக்கூடம் போன நாளில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விட்டவள் அவள். நம்பினாள். விலையாக எழுதியிருந்தது அக்கம்பக்கத்து விலையில் பாதிதான் என்பதும், ஏழாம் பத்தியில் “தம்பியின் பெயருக்கோ அல்லது அவர் காட்டும் நபரின் பெயருக்கோ” எழுதித் தரச் சம்மதிக்கிறேன் என்று இருந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. கடைசிப் பத்தி, தொண்ணூறாம் நாள் பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்து, வாசலில் வைத்துச் சாவியைக் கையில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் ஒப்பந்தம் செல்லாது என்றது. அந்தப் பத்தியைத் தம்பியும் படிக்கவில்லை.

சிமெண்ட் வியாபாரி பத்து நாள் வைத்திருந்துவிட்டு ஒரு பல் டாக்டருக்குக் கைமாற்றினார். வீடு முழங்கால் உயரம் எழும்பியது. பல் டாக்டர் தன் மைத்துனருக்கு மாற்றினார், இடுப்பு உயரம். மைத்துனர் டயர் கடைக்காரருக்கு மாற்றினார், நெஞ்சு உயரம். மின்சாரக் கம்பி இழுபடாமல் இருக்க லைன்மேன் ஒரு சுருள் கம்பி விட்டுக்கொடுத்தார். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து குனிந்து பார்த்து, மேலே இருப்பதற்கு வீட்டு வரியும் கீழே இருப்பதற்குக் காலிமனை வரியும் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக் கைமாற்றிய நான்கு பேரில் ஒருவர் கூட வீட்டை வந்து பார்க்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பார்த்திருந்தால் ஒரு வீடு அந்தரத்தில் நிற்பது கண்ணில் பட்டிருக்கும். உள்ளே ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதும் பட்டிருக்கும். ஒரு கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஜனம்தான் இது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளினார்கள்.

அக்காவும் மகளும் மட்டும் சிரமப்படவில்லை. அவர்கள் வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் வீடு இறங்கி வந்து வாசற்படியைக் காலடியில் வைத்தது, பிறகு தன் உயரத்துக்குப் போய்விட்டது. பூட்டு ரிப்பேருக்கு வருகிறவர்களுக்காக அவள் கயிற்றில் ஒரு வாளி கட்டி இறக்கினாள்.

அந்த வாளியில்தான் விஷயம் ஏறி வந்தது. எழுபதாம் நாள் யாரோ ஒரு இரும்புப் பெட்டிப் பூட்டை விளம்பரத் தாளில் சுற்றிப் போட்டிருந்தார்கள். தாளைப் பிரித்தால் அவள் வீட்டுப் படம், தரையில் இருந்த காலத்தில் எடுத்தது. உடனடி விற்பனைக்கு என்று பெரிய எழுத்தில் போட்டு, அவளுக்குப் பேசியதைப் போல இரண்டு மடங்கு விலை போட்டிருந்தது. அவள் அந்தப் பூட்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள்.

“இது பிசினஸ் அக்கா. உனக்குப் பேசினது உனக்கு வந்துடும்ல?”

“நான் உன் கையில குடுத்தேன். இப்ப யார் கையில இருக்கு, அதைச் சொல்லு.”

அவனுக்குத் தெரியவில்லை. சிமெண்ட் வியாபாரிக்கு அப்புறம் யார் என்று அவன் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. அக்கா போனை வைத்தாள். அழவில்லை. அழுவதற்கு அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை, எரிச்சல்தான் இருந்தது, காதுமடல் வரைக்கும். அன்று யாரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் வீடு ஒரே மூச்சில் இரண்டு ஆள் உயரம் எழும்பியது. குழாய் வேலைக்காரர் மீதிக் குழாயோடு வந்தார்.

டயர் கடைக்காரரிடமிருந்து கடைசியாக வாங்கியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பத்தொரு வருஷச் சேமிப்பு. அந்த வரிசையில் குடியிருக்க வாங்கியவர் அவர் ஒருவர்தான். தொண்ணூறாம் நாள் மத்தியானம் மனைவியையும் பீரோவையும் இரண்டு கட்டிலையும் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, நிழலில் நிறுத்தி, எந்த மர நிழல் என்று அண்ணாந்து பார்த்தார். வீட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. அவர் போட்ட சத்தத்தில் தம்பி வந்தான், கோட்டு சார் வந்தார், சிமெண்ட் வியாபாரி வந்தார், பல் டாக்டர் கூட நோயாளியை வாய் திறந்தபடி விட்டுவிட்டு வந்தார். இருபது அடி ஏணி கொண்டுவந்தார்கள், ஒரு படி குறைந்தது. இரண்டு ஏணியைச் சேர்த்துக் கட்டினார்கள், அப்போதும் ஒரு படிதான் குறைந்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா என்று கணக்கு வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். அக்கா வாசற்படியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தாள். அரத்தூள் கீழே நின்றவர்கள் தலையில் விழுந்தது.

“அக்கா, சாவியை மட்டுமாவது கீழ போடு” என்று தம்பி கத்தினான்.

“பேப்பர்ல என்ன எழுதியிருக்கு? வாசல்ல வச்சு, கையில குடுக்கணும்னுதானே? வாசல் இங்க இருக்கு. வா.”

அவன் ஏறினான். கடைசிப் படியில் நின்று கையை நீட்டினான். விரலுக்கும் வாசற்படிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கோட்டு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பொழுது சாய்ந்தது, ஒப்பந்தம் செல்லாமல் போனது. அக்கா எழுந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

பஸ் டிரைவர் காத்திருக்கத் தெரிந்தவர். லாரியை முதலில் டயர் கடை வாசலில் நிறுத்தி, கட்டிலை இறக்கிப் போட்டு, அங்கேயே அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தினார். பணம் வந்ததும் மைத்துனர் வாசல், பிறகு பல் டாக்டர், சிமெண்ட் வியாபாரி, கடைசியில் தம்பி. நாற்பது நாளில் அவரவர் தின்றதை அவரவர் கக்கினார்கள். தம்பி பைக்கை விற்றான். கோட்டு சார் மட்டும் ஒன்றும் தரவில்லை, அவர் வாங்கியது வகுப்புக் கட்டணம் என்றார். இப்போது அந்தரத்தில் நிற்கும் வீடுகளில் முதலீடு செய்வது எப்படி என்று புதிய வகுப்பு எடுக்கிறார், பலகையில் அக்காவின் வீட்டுப் படம் இருக்கிறது. மண்டபம் நிறைகிறது என்று கேள்வி. வயிறு எரிகிறது, வேறென்ன.

அக்காவின் கடனைப் பூட்டுகளே அடைத்தன. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊரில் கூடப்பிறந்தவர்கள் உள்ள எல்லாரும் வந்து பூட்டு மாற்றிக்கொண்டார்கள். மகள் கல்லூரிக்குப் போகிறாள். வீடு அதே உயரத்தில் நிற்கிறது. அதன் நிழலில் இளநீர் வண்டி ஒன்று நிற்கிறது, மழைக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள், இரண்டு வரியும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றன.

ஏழாவது வருஷம் ஒரு நாள் வாளியில் ஒரு பழைய பித்தளைப் பூட்டு ஏறி வந்தது. தம்பி இப்போது குடியிருக்கும் வாடகை அறையின் பூட்டு. அவன் கீழேதான் நின்றான், அண்ணாந்து பார்க்கவில்லை, வாளியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அக்கா அதைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, எண்ணெய் விட்டு, எல்லாரிடமும் வாங்குகிற கூலியையே சீட்டில் எழுதி வைத்தாள். மறுநாள் அதை வாங்கிப் போக ஒரு ஆட்டோக்காரர் வந்து, தம்பி அனுப்பியதாகச் சொல்லிக் கூலியை வாளியில் போட்டார். அக்கா பணத்தைத் திருப்பி இறக்கினாள்.

“குடுத்த கையிலதான் குடுப்பேன்னு சொல்லுங்க. அவன் காட்டுற ஆளுக்குக் கிடையாது.”

பூட்டு இன்னும் முன்னறை ஆணியில் தொங்குகிறது. வாளி தினமும் காலை ஒன்பதுக்கு இறங்கி ஆறுக்கு ஏறுகிறது. இரண்டு தெரு தள்ளி, தம்பி வேலைக்குப் போகும்போது தன் அறைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போகிறான்.