காப்பீட்டுக்கு உகந்த நோய்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் அக்கா வந்து கேட்டாள்.

ஒரு மதியம் வந்து உட்கார்ந்தவள், "நீதான் கதை எழுதறவளாச்சே. எனக்கு ஒண்ணு எழுதிக் கொடேன்" என்றாள். அக்கா நான் எழுதிய எதையும் படித்தவள் இல்லை. புத்தகம் வந்தால் வாங்கி அலமாரியில் அடுக்குவாள், அதோடு சரி. அதனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அவள் மகளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டுமாம்.

"பொய் வேண்டாம்டி. ஆனா படிக்கறவங்களுக்குப் புள்ளைக்கு நிஜமாவே ஏதோ இருக்குன்னு தோணணும்."

படிக்கப்போகிறவர்கள் யார் என்று கேட்டேன். இன்சூரன்ஸ்காரர்கள் என்றாள்.

அந்தப் பக்கத்தை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் சொல்லாமல் விட்டவற்றை வைத்து நான் எழுதுவது இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: அந்தச் சிறுமியின் மௌனத்துக்குள் ஒரு கடல்

வேண்டாம். மௌனம் என்றதும் கடலைக் கொண்டுவந்து கொட்டுகிற வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: வகுப்பின் கடைசி வரிசையில், யார் கண்ணிலும் படாமல்

பொய். அவள் உட்கார்ந்திருந்தது முதல் வரிசையில். எல்லார் கண்ணிலும் பட்டாள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்கா மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். கண் விழிக்கும்போதே பேச்சோடுதான் விழிப்பாள். வாயில் பற்பசை நுரையோடு பேசுவாள். எறும்புக்குக் கொட்டாவி வருமா, மாடிப்படிக்குக் கால் வலிக்குமா என்று கேட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்.

அந்த ரேடியோ பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்ததும் நின்றுவிடும். ஒரு சொல் வராது. பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்க வாய் வராமல், உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். ஒரு தடவை மட்டும் இல்லை. பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவள் ஈரத்தோடு பலகையைப் பார்த்தபடியே இருந்தாள்.

(ஏன் பேச்சு நின்றது என்பதற்கு ஒரு காரணம் வைத்தால் கதை எடுப்பாக இருக்கும். யாரோ கேலி செய்தார்கள், யாரோ அதட்டினார்கள், வீட்டில் சண்டை. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். காரணம் யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இதோ வருகிறார்கள்.)

3

பள்ளியில் ஆலோசகர் என்று ஓர் அம்மாள் இருந்தார். மெத்தென்ற நாற்காலிகள், சுவரில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு சூரியன். அக்கா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "வீட்ல நல்லா பேசறா, இல்லீங்களா? அப்ப ஸ்கூல்ல மட்டும் என்ன பிரச்சினை?" என்றார்.

"அதைக் கேக்கத்தாங்க நான் வந்தேன்."

"பக்கத்துல ஒருத்தர் உக்காந்து பாத்துக்கிட்டா சரியாயிடும்னு தோணுது. எங்ககிட்ட ஆள் இருக்காங்க. ஆனா சும்மா அனுப்ப முடியாது, அவங்க சம்பளத்தை இன்சூரன்ஸ்தான் குடுக்கணும். டாக்டர்கிட்ட ஒரு பேர் வாங்கிட்டு வந்துடுங்க."

"என்ன பேர்?"

"பட்டியல்ல இருக்கற பேர்."

அந்தப் பட்டியல் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது, சாப்பாட்டுக் கடையில் இன்றைக்கு என்னென்ன உண்டு என்று எழுதிப் போட்டிருப்பதுபோல. ஆட்டிசம் உண்டு. கவனக்குறைவுக் கோளாறு உண்டு. கேட்கும் திறன் குறைவு உண்டு. பயம் இல்லை. பயம் ஏன் இல்லை என்று அக்கா கேட்டிருக்கிறாள். "பயம் எல்லாருக்கும்தானேங்க இருக்கு" என்றாராம் ஆலோசகர்.

4

டாக்டரை வில்லனாக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். தங்கச் சங்கிலி, வழுக்கைத் தலை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசும்

இல்லை, அந்த ஆள் அப்படி இல்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ரேடியோவோடு பொம்மைக் கார் உருட்டினார். பேசு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் அறைக்குப் போய் வர ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே, "உங்க காருக்கு ஒரு சக்கரம் ஆடுது" என்று அவர் காதில் கிசுகிசுத்துவிட்டாள்.

"இது பயம்தாங்க" என்றார் அக்காவிடம். "கூச்சம் முத்திப்போய் தொண்டையை அடைக்கற மாதிரி ஒரு பயம். கூடவே ஒருத்தர் இருந்து, அவசரப்படுத்தாம பழக்கினா போயிடும்." அப்படியே எழுதியும் கொடுத்தார்.

அக்கா வீட்டுக்காரருடைய வேலையோடு வந்த இன்சூரன்ஸ் அது. போனில் ஒரு பெண், தேன் தடவிய குரல்.

"மேடம், நீங்க சொல்ற பிரச்சினைக்கு உங்க பாலிசில ஆரம்ப ஆலோசனை மட்டும்தான் வருது. தொடர் சிகிச்சை வராது."

"புள்ள ஸ்கூல்ல பேசவே மாட்டேங்கறாங்க."

"புரியுது மேடம். ஆனா வீட்ல நல்லா பேசறாங்கன்னு டாக்டரே எழுதியிருக்காரே."

"வீட்லயும் பேசாம இருந்தா குடுப்பீங்களா?"

"அப்படி வேற அறிக்கை வந்தா கண்டிப்பா பரிசீலிப்போம் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு ஏதாவது. முதலில் ஒன்று செய்து முடித்துவிட்டவர்கள் மாதிரி.

அக்கா திரும்ப டாக்டரிடம் போனாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாத்தது பயம், எழுதினதும் பயம். அவங்க குடுக்கறது வேற பேருக்கு. அந்தப் பேருக்கான அடையாளம் ரெண்டு மூணு, தேடினா எந்தக் குழந்தைகிட்டயும் கிடைக்கும். எழுதட்டுமா?"

"எழுதலேன்னா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆட்டிசம் என்று எழுதினார். "வீட்ல கவனிச்சதை நீங்களும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்.*

* அக்காவுக்கு அடுத்து உள்ளே போன ஒரு பையனுக்கு நிஜமாகவே ஆட்டிசம். அவனுக்கு அந்தப் பெயர்தான் வேண்டும். அதை வைத்துத்தான் அவனுக்கு வேண்டிய பயிற்சி கிடைக்கும். ஆனால் அவன் அப்பாவின் பாலிசி வேறு. அதில் ஆட்டிசத்துக்கு இடமில்லை, பதற்றத்துக்கு உண்டு. அவனுக்குப் பதற்றம் என்று எழுதினார். காத்திருக்கும் இடத்தில் அவன் அம்மாவே அக்காவிடம் சொன்னது இது. இரண்டு பிள்ளைகள் ஒருவர் செருப்பை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போன மாதிரிதான். செருப்பு கடித்தால் நடக்கிற பிள்ளைக்குத்தானே கடிக்கும்.

5

அந்த ஒரு பக்கத்தில் நான் பொய் எதுவும் எழுதவில்லை. துணி துவைக்கும் மெஷின் சுற்றினால் காதைப் பொத்திக்கொள்கிறாள்: உண்மை, அது விமானம்போல் சத்தம் போடுகிற மெஷின். வண்ணப் பென்சில்களை வரிசையாக அடுக்குகிறாள், ஒன்றைக் கலைத்தால் அழுகிறாள்: உண்மை, கலைத்தது நான். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அதுவும் உண்மை, ஒருவரும் பதில் சொல்வதில்லை.

அக்கா படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள். "இது என் பொண்ணாடி?"

"உன் பொண்ணுதான்."

"படிக்கவே பயமா இருக்கு."

பத்திரிகை ஆசிரியர்கள் என் கதைகளில் பாதியைக் குறைக்கச் சொல்வார்கள், முடிவை மாற்றச் சொல்வார்கள், சிலர் பதிலே போடமாட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. இத்தனை வருட எழுத்து வாழ்க்கையில் எனக்கு வாய்த்த ஒரே நல்ல வாசகர் அவர்கள்தான்.

6

உதவிக்கு வந்தவள் படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். பிள்ளைகள் அவளை டீச்சரக்கா என்றார்கள். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நாய்க்கு ஐந்து கால் போட்டாள். ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. டீச்சரக்கா காதில், "ஒரு கால் அதிகம்" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. முதலில் காதில் மட்டும். பிறகு ரேடியோ கிசுகிசுப்பாள், டீச்சரக்கா அதை வகுப்புக்குச் சொல்வாள். ஒரு நாள் ரேடியோ தானே எழுந்து நின்று, "மிஸ், ஜன்னலைச் சாத்தலாமா?" என்று கேட்டாள். அன்றைக்குத் தாங்க முடியாத புழுக்கம். ஆசிரியை போய் எல்லா ஜன்னலையும் சாத்தினார்.

அக்கா இதை எனக்குப் போனில் சொல்லும்போது அழுதாள். இங்கேயே கதையை முடித்திருந்தால் நீங்களும் என்னைப் பற்றி நல்லதாக நினைத்திருப்பீர்கள்.

ஆலோசகர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள்.

"அடுத்த மாசம் மறுமதிப்பீடுங்க. இன்சூரன்ஸ்லேருந்து ஆள் வருவாங்க. குணமாயிட்டான்னு தெரிஞ்சா உதவியை நிறுத்திடுவாங்க."

"குணமாகத்தானே உதவியே?"

"குணமாகிட்டே இருக்கணும். ஆயிடக் கூடாது."

இந்த வரியை நான் எழுதவில்லை என்று சத்தியம் செய்கிறேன். எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

அக்கா டாக்டரிடம் ஓடினாள். "இப்ப டீச்சரை எடுத்தா பழையபடி ஆயிடறதுக்கு வாய்ப்பு இருக்கு. இன்னும் ஒரு வருஷமாவது வேணும்" என்றார். அக்கா வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "ஒரு நாள்தானே, சமாளிச்சுக்கலாம்" என்றார். சமாளிக்கவேண்டியது யார் என்பதை அவர் சொல்லவில்லை.

7

மறுமதிப்பீட்டு நாள் காலையில் அக்கா ரேடியோவுக்குத் தலை வாரிக்கொண்டே ஆரம்பித்தாள். "இன்னிக்கு ஸ்கூலுக்கு ஒரு ஆன்ட்டி வருவாங்க. ஏதாவது கேப்பாங்க. நீ பேசாத, என்ன?"

"நீங்கதானே பேசு பேசுன்னு சொன்னீங்க?"

"ஆமா. இன்னிக்கு மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"நீ நல்லா பேசறேன்னு தெரிஞ்சா டீச்சரக்காவை அனுப்பிடுவாங்க."

"நான் பேசினதுக்கா?"

அக்காவின் கையில் சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அதன் பிறகு பின்னலைச் சரியாகப் போட முடியவில்லை, டீச்சரக்காதான் பள்ளியில் அவிழ்த்துத் திரும்பப் போட்டாள்.

மதிப்பீட்டாளர் மடிக்கணினியோடு வந்தார். ஓரத்து நாற்காலியில் அக்கா. உன் பேர் என்ன? ரேடியோ பேசவில்லை. இது என்ன நிறம்? பேசவில்லை. உதட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். கடைசியில் அவர் ஒரு படத்தைக் காட்டினார். பலூன் பறந்து போகிறது, ஒரு சிறுமி அழுகிறாள். "இந்தப் பாப்பா ஏன் அழறா?"

ரேடியோ அம்மாவைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். அம்மா இன்னிக்குப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பேசினா டீச்சரக்காவை அனுப்பிடுவீங்களாம்."

"அப்படியா" என்றார் மதிப்பீட்டாளர். தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். எல்லாம் போயிற்று என்று அக்கா நினைத்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட அவமானம் வேறு.

அறிக்கை வந்தது. எதைச் சொல்லலாம், எதை மறைக்கவேண்டும் என்ற சமூகப் புரிதல் குழந்தைக்கு இல்லை. கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்லாமல் சம்பந்தமற்றதைப் பேசுகிறாள். நோய் உறுதி செய்யப்படுகிறது. உதவி தொடரலாம்.

பேசாமல் இருந்திருந்தாலும் இதே முடிவைத்தான் எழுதியிருப்பார்கள். உண்மையைச் சொன்னதில் கூடுதலாக ஓர் அறிகுறி கிடைத்தது, அவ்வளவுதான். அந்த அறையில் இருந்தவர்களில் பொய் சொல்லத் தெரியாதவள் அவள் ஒருத்தி, ஆகவே நோயாளியும் அவளே.

எல்லாருக்கும் சந்தோஷம். ஆலோசகர் கை கொடுத்தார். அக்கா எனக்குப் போன் போட்டு அறிக்கையைப் படித்துக் காட்டிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

8

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

டாக்டருக்கு மனசாட்சி உறுத்தி, பழைய பெயரை அடித்து உண்மையை எழுதுகிறார். (எழுதினால் அடுத்த நாளே டீச்சரக்கா போய்விடுவாள். அவருடைய மனசாட்சி உறுத்தாமல் இருப்பதே நல்லது.)

காப்பீட்டு நிறுவனம் பயத்தையும் பட்டியலில் சேர்க்கிறது. (நான் மாயாஜாலக் கதை எழுதுவதில்லை.)

ரேடியோ வளர்ந்து, தனக்கு இல்லாத ஒரு நோயின் பெயரைத் தன் பெயர்போலச் சொல்லப் பழகி, வேலைக்கு மனுப் போடும் இடத்தில் (இதை எழுதக் கை வரவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. ஊஞ்சல் பக்கம் அவள் வயதில் ஒரு பெண் இருந்தாள். "வர்றியா? மாத்தி மாத்தி ஆடலாம். உன் பேர் என்ன?" என்று கேட்டாள். ரேடியோ பதில் சொல்லாமல் நான் இருந்த பெஞ்சுக்கு ஓடிவந்தாள்.

"சித்தி, இன்னிக்குப் பேசற நாளா, பேசாத நாளா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. காத்திருந்தாள். வீட்டிலும் இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் முதலில் இதைத்தான் கேட்கிறாளாம், பதில் வந்த பிறகுதான் மற்றது. அக்கா இதை என்னிடம் சொல்லாமல் மறைத்திருந்தாள்.

பேசு என்று சொல்லவேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே கேட்டாள்: "பேசினா டீச்சரக்கா போக மாட்டாங்கல்ல?"

போக மாட்டாள் என்று சொன்னால் பொய். போவாள் என்று சொன்னால் இன்றைக்கு ஊஞ்சல் இல்லை. நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியாமல் எழுதிப் பிரயோஜனமும் இல்லை. கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள். அந்தப் பெண் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.