காந்தம் ஒட்டியது

“ஒட்டுது மச்சான், நல்லா பாருங்க, ஒட்டு—”

“ஒட்டத்தான் செய்யும். நான் என்ன சொல்ல வர்றேன்னா—”

“ஒட்டுதுன்னா உள்ள இரும்பு இருக்குன்னு அர்த்தம். வெறும் பட்டிப் பூச்சா இருந்தா காந்தம் வழுக்கி விழுந்துடும். எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்!”

“படிச்சவன் எல்லாம் தகடு தட்டினவன் ஆயிடுவானா மாப்ள?”

துணி சுற்றிய காந்தத்தைத் தம்பி மறுபடியும் காரின் பக்கவாட்டில் வைத்தான். அது குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதுக்காரன், அந்தக் கார் முன்னால் நின்றதும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். கூரை இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. ஒரு பல் டாக்டருடையது; அவர் வீட்டுப் பின்புற ஷெட்டில் நின்றது. வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் அக்காவின் கணவரைக் கையோடு அழைத்து வந்திருந்தான். முப்பது வருஷமாக அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் அவர். அக்காவும் கூட வந்திருந்தாள்.

வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தபடி இப்போது சுவரோரம் நின்றாள். ஷெட்டுக்குள் நுழைந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் கணவரின் பட்டறையில் பச்சையாக இருந்தது, இன்றைக்குச் சிவப்பு, அவ்வளவுதான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டித் தகட்டை, இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவள் அவள்தான். கூரை இல்லாத காருக்கு முழு பலமும் அங்கேதான். அது உள்ளே துருவேறி உதிர்ந்து கிடந்தது. மேலே மெல்லிய தகடு வைத்து, அதற்கு மேல் காகிதம் போலப் பட்டி இழுத்து மூடினார் கணவர். அப்போதைய சொந்தக்காரர், “என் கடை முகப்புல அழகுக்கு நிக்கப்போகுது, ரோட்டுக்கே போகாது” என்று சொல்லியிருந்தார்.

“டாக்டர், ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுங்க” என்றார் டிங்கர். “இங்க ஒரே ஒரு குத்து. குத்தினா தெரிஞ்சிடும்.”

“ஐயையோ, பெயிண்ட் போயிடும்!”

“சொத்தைப் பல்லை நீங்க குத்திப் பார்க்காமலா சொல்றீங்க?”

“பல்லுக்கு யாரும் பெயிண்ட் அடிக்கிறதில்லீங்க. வாங்கினதுக்கு அப்புறம் எத்தனை குத்து வேணும்னாலும் குத்திக்குங்க. நாலு மணிக்கு இன்னொருத்தர் பார்க்க வர்றாரு.”

“பார்த்தீங்களா, இன்னொருத்தர் வர்றாரு!” என்றான் தம்பி. “இன்ஜின் நம்பர் பார்த்தேன், ஆர்.சி. புத்தகத்தோட ஒத்துப்போகுது. ஆயில் சொட்டல. பிரேக் பிடிக்குது. இன்னும் என்னதான் பார்க்கணும்? உங்களுக்கு நான் வாங்கறது பிடிக்கல, அதைச் சொல்லுங்க.”

“தம்பி, வாயை அடக்கு” என்றாள் அக்கா.

“நீ சும்மா இருக்கா. இவரு எதுக்குத்தான் சரின்னு சொன்னாரு? வீடு வாங்கறப்ப ஈரம்னாரு. நாய்க்குட்டி வாங்கறப்ப காது சரியில்லன்னாரு.”

டிங்கர் மனைவியைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்பது போல அவள் தலையை அசைத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாப்ள, இது நான் செஞ்ச வேலை.”

“எது?”

“இந்தக் கார். எட்டு வருஷம் முன்னால. உள்ள ஒண்ணும் இல்லடா. துரு. மேல தகடு வெச்சு மூடினேன், அதான் காந்தம் ஒட்டுது. பள்ளத்துல வேகமா விட்டா நடுவுல மடிஞ்சிடும். உன் அக்காவைக் கேளு, தேய்ச்சதே அவதான்.”

“உண்மைடா தம்பி. சத்தியமா.”

டாக்டரின் முகம் வெளிறியது. “நானே நாலு வருஷம் ஓட்டியிருக்கேனே!” என்றார்.

தம்பி காரையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான். அப்படிச் சிரிப்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓடிவந்து டிங்கரின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

“மச்சான்! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? உங்க கை பட்ட வண்டியா இது? ஊரே உங்க கைக்குத்தானே வரிசையில நிக்குது. நீங்க மூடினா அது கல்லு மாதிரி நிக்கும்!”

“நிக்காதுடா! நான்தான் சொல்றேன்ல, நிக்காது!”

“தன்னடக்கம் டாக்டர், இவருக்கு எப்பவும் தன்னடக்கம். நாலு வருஷம் ஓடியிருக்கு பாருங்க.”

டாக்டரின் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. “ஆமா, ஓடியிருக்கு” என்றார். இன்ஜின் மூடி மேலேயே விற்பனைக் காகிதத்தை விரித்தார். தம்பி கையெழுத்துப் போட்டான். டிங்கர் குனிந்து, தன் வேலையையே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுந்தவில்லை. ஒரு கீறல் இல்லை, ஒரு மேடு இல்லை.

தம்பி அதற்குள் போனில் பேசிக்கொண்டிருந்தான். “பாப்பா, காலேஜ் வாசல்லயே நில்லு. அப்பா வர்றேன். எதுலன்னு கேட்காத. நேரா மலைப்பாதையில ஒரு ரவுண்டு போயிட்டு வீட்டுக்குப் போகலாம்.”

அக்கா சுவரை விட்டு நகர்ந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து, அந்தத் தாழ்ந்த சீட்டில் மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக் கைகளைக் கட்டிக்கொண்டாள். ஓட்டுகிறவனுக்கு ஒன்று, பக்கத்தில் ஒன்று. காரில் இருப்பதே அந்த இரண்டு சீட்டுதான்.

தம்பி சிரித்தபடியே சாவியோடு வந்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

“அக்கா, இறங்குக்கா. பாப்பா அங்க வெயில்ல நிக்கிறா.”