மதகின் படியில் கெசியா

வண்டலூர் மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக லாரிகள். டெனிஸ் கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். 'கெசியா மதகின் முதல் படியில் கால் வைத்தாள்.' சாம்பல் புதனன்று எழுதிய வரி, ஒன்றரை மாதத்துக்கு மேலாகிறது. ஈஸ்டரும் போய்விட்டது. அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது.

பக்கத்து சீட்டிலிருந்து சிவகுமார் எட்டிப் பார்த்தான். "இன்னா மச்சான், பாப்பா இன்னும் அதே படியிலதான் நின்னுகினு கீதா? கால் வலிக்கும்டா அதுக்கு. ஒண்ணு எறக்கி வுடு, இல்லாட்டி வூட்டுக்கு இட்டுனு போ."

"எழுதணும் மச்சான்."

"ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டுன்னா மட்டும் கடகடன்னு எழுதற. இதுக்கு இன்னா பேஜாரு?"

டெனிஸ் சிரித்து வைத்தான். மறைமலை நகரில் பிரேக் பாகங்களைச் சோதித்து, தேறாதவற்றைச் சிவப்புப் பெட்டியில் போடுவது அவன் வேலை. முடிச்சூரிலிருந்து அங்கே போகும் பயணம்தான் அவன் எழுதும் நாவலுக்கு. பெருங்களத்தூர் வரை முந்தைய நாள் எழுதியதை வாசிப்பான். கூடுவாஞ்சேரி வரை எழுதுவான். கூடுவாஞ்சேரி வந்ததும் வாக்கியம் பாதியில் இருந்தாலும் மூடிவிடுவான். பாதி வாக்கியம் இருந்தால் மறுநாள் தொடங்குவது சுலபம். அந்த ஒரு வரிக்கு மட்டும்தான், பஸ் காலியாகச் சீக்கிரம் ஓடிய ஒரு காலையில், முற்றுப்புள்ளி வைத்துவிட்டான்.

வேலைக்கு நடுவே நாவலை விடாமல் பிடித்துக்கொள்ள அவனுக்கு இந்தப் பயணமும் ஞாயிற்றுக்கிழமையும் போதுமாயிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் மனைவி ஜென்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த வாரப் பக்கங்களை, அவள் பில் போடும் மெடிக்கல் ஷாப்புக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்திருப்பாள். ஏரியின் மேல் கட்டிய நகரமும், அதைத் திரும்பக் கேட்டு எழும் நீரும், நீரோடு பேசுகிற மனிதர்களும் வரும் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுவாள். கெசியா வரும் இடத்தில் பென்சில் நிற்கும். "இந்த வயசுல முன்பல்லு விழுந்திருக்கணுமேங்க." இன்னொரு வாரம், "ஷூ லேஸெல்லாம் தானா கட்டிக்க மாட்டா, மாத்துங்க." கடைக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்து வைத்துக்கொண்டு சொல்கிறாள் என்பது அவனுக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

கெசியா, அவர்கள் குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயர். ஞானஸ்நானத்துக்குக் காத்திராமல் பிறந்த அன்றே குழந்தை போய்விட்டது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'ஜென்சியின் பெண் குழந்தை' என்றுதான் இருந்தது. கல்லறைத் தோட்டத்திலும் அப்படியே. அந்த வருட மழையில், வீட்டு வாசல்வரை வந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நாவலின் முடிவு அவனுக்குத் தோன்றியது: ஒரு சிறுமி உள்ளே இறங்கி மதகை மூடுகிறாள், நகரம் பிழைக்கிறது, அவள் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடுகிறாள். அப்போது அவளுக்குப் பெயர் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் விரல் தானாகக் கெசியா என்று அடித்தது. வேறெங்கும் எழுதப்படாத பெயர். அழிக்க மனம் வரவில்லை.

அவளுக்குப் பதிலாகக் காவல்காரக் கிழவனை அனுப்பிப் பார்த்தான். மதகைத் தானாக மூட வைத்தும் பார்த்தான். கையில் எடுத்ததுமே தேறாத பாகம் தெரிந்துவிடுவதுபோல, ஒவ்வொன்றும் பொய் என்று தெரிந்தது.

நேற்றைய ஞாயிற்றுக்கிழமையும் பக்கங்கள் இல்லை. ஜென்சி கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"லைன்ல வேலை ஜாஸ்தி," என்றான்.

"பொய் சொல்லாதீங்க. உள்ள எறங்கித்தான் மூட முடியும்னு போன அத்தியாயத்துலயே எழுதிட்டீங்க. எனக்குப் படிக்கத் தெரியும்."

கீழே பிள்ளைகள் சைக்கிள் மணி அடித்துக்கொண்டே சுற்றினார்கள். அவன் அந்தச் சத்தம் ஓயக் காத்திருந்தான்.

"வேற யாரையாவது அனுப்பலாமான்னு பாத்தேன்."

"அனுப்பலாமா?" கத்தி நின்றது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். "இல்லம்மா," என்றான்.

அவள் நறுக்கிய வெங்காயத்தை ஓரமாகத் தள்ளினாள். குக்கர் விசில் அடித்து அடங்கியது.

"அந்தக் கதைல அவளுக்கு அம்மாவே இல்ல. கவனிச்சீங்களா?"

அவன் கவனித்திருக்கவில்லை.

"அன்னைக்கு நான் மயக்கத்துல கெடந்தேன். நீங்களும் எங்க அப்பாவும் எடுத்துட்டுப் போய்ட்டீங்க. எனக்காகத்தான், தெரியும். நான் மூஞ்சியக்கூடப் பாக்கல." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "இந்தத் தடவ அப்படிப் பண்ணாதீங்க. சாப்பிட வச்சு, தலை பின்னி விட்டு அனுப்புறேன். அதுவரைக்கும் எறக்காதீங்க."

லாரிகள் நகரத் தொடங்கின. டெனிஸ் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் வந்து அழித்தான். 'படியில் கால் வைக்கும் முன் பின்னாலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்' என்று எழுதினான். அவள் தூக்குச்சட்டியோடு வந்தாள். படியின் ஓரத்தில் மகளை உட்கார வைத்தாள். தயிர்சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டினாள். உள்ளே தண்ணீர் ஏறும் ஓசை கேட்டது. அவள் அவசரப்படவில்லை. ஊரப்பாக்கம் எப்போது போனதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"எறங்கிடுச்சா மச்சான்?" சிவகுமார் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"இல்லடா. சாப்ட்டுகினு கீது."

சிவகுமார் கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

'அம்மா அவள் கூந்தலை அவிழ்த்து, விரலாலேயே சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல்'

கூடுவாஞ்சேரி வந்துவிட்டது. டெனிஸ் கைப்பேசியை மூடினான். திரை இருண்ட பின்னும் அந்த மூன்று கற்றைகள் ஒருத்தியின் விரல்களுக்கிடையே அப்படியே இருந்தன. கீழே, படியை ஒட்டித் தண்ணீர்.