கேட்டால் பதினெட்டு

ஆர்.டி.ஓ. ஆபீசில் காக்கிச் சட்டை போட்ட இன்ஸ்பெக்டர் அட்டையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். மாரிசெல்வி பட்பட்டென்று சொன்னாள். இது பள்ளிக்கூடம். இது ஹாரன் அடிக்கக் கூடாது. இது குறுகிய பாலம்.

கதவோரம் நின்ற கருப்பம்மாளுக்கு மனசு நிறைந்தது. மகளுக்கு வண்டி பழக எல்.எல்.ஆர். கிடைத்த மாதிரிதான். ஊரில், அச்சங்குளத்தில், பஸ் வந்து, ஏறி, சாத்தூரில் இறங்கி ஓடினாலும் பிளஸ் ஒன்னில் முதல் பாடம் முடிந்துவிடுகிறது. முதல் பாடம் கணக்கு. அவள் அப்பனுக்குக் கை வெந்ததிலிருந்து அவனுடைய பழைய டி.வி.எஸ். ஃபிப்டி வாசலில் சும்மாதான் நிற்கிறது. கியர் இல்லாத சின்ன வண்டி. அதற்குப் பதினாறு வயசு போதும்.

"நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கியே." இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "வயசு எத்தன?"

"பதினெட்டு சார்."

பேனா நின்றது.

மாரிசெல்வி கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். கருப்பம்மாளுக்கு அந்த நிற்பு தெரியும்.

கருப்பம்மாள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குச் சோதனை ஜீப் வந்தால் சின்னப்பிள்ளைகள் பின்வேலி வழியாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் ஓட வேண்டாம். காக்கிச் சட்டை கேட்டால் பதினெட்டு என்று சொன்னால் போதும். பதினொரு வயதிலேயே மாரிசெல்வி நல்ல வளத்தி. லீவு நாளெல்லாம் திரி வைக்க வந்தாள். காலையில் சடை பின்னும்போது கருப்பம்மாள் கேட்பாள், "வயசு?" பிள்ளை சொல்லும், "பதினெட்டு சார்." சொல்லும்போதே சிரித்துவிடும். தலையில் ஒரு குட்டு விழும். "சிரிச்சா நம்புவாகளா? மறுபடி சொல்லு."

"ஸ்கூல் சர்டிபிகேட்ல பதினாறு இருக்கு. நீ பதினெட்டுங்க. எதும்மா பொய்?"

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். "நீங்கதான் தாயாரா? நீங்க சொல்லுங்க."

"பதினாறுதான் சார்."

"அப்ப பிள்ள ஏன் அப்படிச் சொல்லுது?"

நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். நடந்ததைச் சொன்னால் கேட்டுக்கொள்வார் போலவும் இருந்தது. எந்தக் கம்பெனி என்று அடுத்துக் கேட்பார். நாளைக் காலையில் கருப்பம்மாள் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும்.

மகள் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியல சார்," என்றாள் கருப்பம்மாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "பிறந்த சர்டிபிகேட் கொண்டாங்க, பாப்போம்."

மாரிசெல்வி வீட்டில் பிறந்தவள். யாரும் போய்ப் பதியவில்லை.

ஆபீசுக்கு வெளியே, சூலக்கரை பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. கருப்பம்மாள் முந்தானையை மகள் தலைக்கு மேல் பிடித்தாள். மாரிசெல்வி ஒரு எட்டு தள்ளி வெயிலில் போய் நின்றாள்.

"ஏ புள்ள, அந்தாளு காக்கி போட்டிருந்ததுனால பயந்துட்டியாக்கும்?"

சாத்தூர் பஸ் தூரத்தில் தெரிந்தது.

"எம்மா."

"சொல்லுத்தா."

"இன்னைக்குச் சிரிக்காமத்தான சொன்னேன்."