செருப்பு அறை

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்று முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர். கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் சங்க வீட்டின் கூடத்தில் சரஸ்வதி படம் இருப்பதால் யாரும் செருப்போடு உள்ளே வருவதில்லை. முன்பு வாசலில் அடங்கிய செருப்புகள் வரவர நடைபாதைக்கு இறங்கின. ஒரு விஜயதசமியன்று அவருடைய கார்ச் சக்கரம்வரை போய்விட்டன. அவர் கவுன்சிலுக்கு முறையிட்டார். அதன் பிறகுதான் வீட்டைத் திருத்தும் பேச்சு வந்தது.

புதிதாக வந்து இறங்கும் பெடியளுக்குப் படுக்க இடம் வேண்டுமென்று அந்தக் காலத்தில் வாங்கிய வீடு அது. இப்போது அப்படி மிஞ்சியிருந்தவர்கள் நானும் லக்‌ஷனும்தான். மாடிப் பின்னறையில் எங்களுக்கு ஒரு கட்டில். நான் குரோய்டனில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்தேன். அவன் பகலில் கார் கழுவினான். அவன் எழும்ப நான் படுப்பேன். அந்தக் கட்டில் ஆறியதே இல்லை.

பொதுக்கூட்டத்தில் மாடி அறைகளை உடைத்து ஒரே மண்டபமாக்குவது என்று தீர்மானித்தார்கள். பரதநாட்டியத்துக்கும் தமிழ் வகுப்புக்கும் இடம் போதவில்லையாம். எங்கள் கட்டிலைப் பற்றிக் கேட்க எழுந்தேன். நான் வாய் திறக்குமுன் செயலாளர் குகதாசன் அண்ணை என் பெயரைக் கட்டடக் குழுவுக்கு முன்மொழிந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். குழுவில் இருப்பவன் குழுவை எதிர்த்துப் பேசுவது முறையில்லை. நான் உட்கார்ந்தேன்.

பிறகு குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது அவர் என் தோளில் கை வைத்தார்.

"கீழ்ச் சின்ன அறை உனக்குத்தான், றஜீவ். நான் சொன்னால் சொன்னதுதான்."

கூலியில்லாமல் எல்லோரும் கூடி உடைப்பதற்குச் சிரமதானம் அறிவித்தார்கள். டொக்டர்களும் எக்கவுண்டன்ட்களும் புதுக் கையுறையோடு வந்தார்கள். ஆளுக்கு நாலு அடி அடித்துப் படம் எடுத்தார்கள், மட்டன் ரோல் சாப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு என்று போனார்கள். சுவர் அப்படியே நின்றது. அண்ணை என்னைப் பார்த்தார். நான் சுத்தியலை எடுத்தேன்.

லக்‌ஷன் கட்டிலில் இருந்துகொண்டு ரோல் கடித்தான்.

"தன்ர அறையைத் தானே இடிக்கிற கமிட்டி மெம்பரை இப்பதான் பாக்கிறன்" என்றான்.

நீயும் ஒரு கை பிடி என்றேன். தான் குழுவில் இல்லை என்றான்.

கட்டில் துண்டுதுண்டாகக் குப்பைக்குப் போனது. லக்‌ஷன் ஹரோவில் யாரோ ஒருவரின் கராஜுக்குப் போனான். அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. நான் வேலை முடிந்ததும் நொதேர்ன் லைன் பாதாள ரயிலில் ஏறினேன். மோர்டனில் ஏறினால் மறுகோடி எட்ஜ்வேர்வரை படுக்கலாம். அங்கே இறங்கி, எதிர்ப்பக்க ரயிலில் திரும்பவும் படுக்கலாம். சின்ன அறை முடியும்வரைதானே என்று நினைத்தேன்.

கட்டட வேலை முடியும் தறுவாயில் ஒருநாள் போய்ப் பார்த்தபோது, சின்ன அறையில் நிலத்திலிருந்து கூரைவரை தட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையிடம் கேட்டேன். செருப்பு இனி வெளியில் கிடக்கக் கூடாதென்று கவுன்சில்காரர் சொல்லிவிட்டார்களாம்.

"இவ்வளவு சனத்தின்ர செருப்பையும் எங்க வைக்கிறது?" என்றார்.

"என்னை எங்க வைக்கிறது, அண்ணை?"

"நீ ஒராள்தானே. எங்கையும் சமாளிப்பாய்."

அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. செருப்புகள் கனக்க, நான் ஒருவன்.

திறப்பு விழாவுக்கு வேலையிலிருந்து நேரே போனேன். கட்டடக் குழுவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பேச்சுகள் தொடங்கின. நின்றபடியே கண் சொருகியது. கீழே இறங்கிச் செருப்பு அறைக்குள் போனேன். சுவரோரம் ஹீற்றர் குழாய் ஓடியது. அடித்தட்டுக்குப் பக்கத்தில் பொன்னாடையை இழுத்து மூடிப் படுத்தேன். பொலியெஸ்டர்தான், சூடு நிற்காது. ஆனாலும் கனகாலத்துக்குப் பிறகு கால் நீட்டிப் படுத்தேன்.

அண்ணையின் மனைவி பாலாம்பிகை குரல் கேட்டு விழித்தேன்.

"தம்பி, அந்த மேல்தட்டுக் கறுப்புச் செருப்பை எடுத்துத் தாரும்."

என்னை அதற்குத்தான் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பா. எடுத்துக் கொடுத்தேன். அவவுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவரும் விரலை நீட்டினார்கள், நான் எடுத்துக் கொடுத்தேன். சிலர் தாங்ஸ் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு என்றார் ஒருவர்.

கடைசியாக அண்ணை வந்தார். குனிந்து லேஸ் கட்டிக்கொண்டே கேட்டார்.

"வாசல் கதவின்ர பழைய திறப்பு உன்னட்டை இருக்கெல்லே? தந்திட்டுப் போ. இனிக் கதவுக்கு அலாம் நம்பர்தான்."

கொடுத்தேன். தட்டில் என் சப்பாத்து மட்டும் மிச்சம். நான் போட்டு முடிக்கும்வரை அவர் லைற் சுவிச்சில் கை வைத்தபடி நின்றார். அடுத்த குழுக் கூட்டத்துக்குப் பிந்தாமல் வரச் சொன்னார். ஓம் என்றேன்.

ஸ்டேஷனுக்கு நடந்தேன். கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. திருத்த வேலை காரணமாக வார இறுதியில் நொதேர்ன் லைன் இந்தப் பக்கம் ஓடாது என்று பலகை வைத்திருந்தார்கள்.