வெளுத்த நூல்

1

இதை எனக்குச் சொன்னவள் மண் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். பாதியில் நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை. அப்போது ஏறிய பயம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை, வேர் எட்டாத இடத்திலிருந்தும் நீரையும் சத்தையும்...'

(வேண்டாம். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.)

2

பூஞ்சை வளர்த்த மண்ணை மூட்டை கட்டி, பாதியை நீராவியில் வேகவைப்பாள். உயிருள்ளதையும் செத்ததையும் செடிக்குப் போட்டு ஒப்பிடுவதற்காக. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் உயிருள்ளதற்கு வெள்ளை நூல். வேக வேண்டியதற்குச் சிவப்பு. நீராவிப் பெட்டிக்குள் வைக்கும் முன்பே கட்டிவிடுவாள். அந்த முறை சிவப்புக்கு வாங்கியது புது நூல்கண்டு.

அக்கா கணவருக்கு மானாவாரி நிலம். இரண்டும் கலந்து கிடந்த குவியலிலிருந்து வெள்ளை நூல் மூட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இதைப் போட்டா அடியுரம் வேண்டாம், அத்தான்."

பெய்தது ஒரு மழைதான். உரமில்லாமல் விதைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து நீராவிப் பெட்டியின் அடித்தட்டைக் கழுவப் போனாள். தேங்கிய தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அப்படியானால் அத்தானுக்குக் கொடுத்த மூட்டையின் நூல் வெள்ளையா, சாயம் போன சிவப்பா?

3

இங்கேதான் இவள்மேல் எனக்குச் சந்தேகம். ஏன் உடனே சொல்லவில்லை? போன் கெட்டுப்போயிருந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். போன் நன்றாகத்தான் இருந்தது. பயம், வேறொன்றுமில்லை.

4

விதைத்த முப்பத்தைந்தாம் நாள் அத்தானே வந்தார், ஈரத்துணியில் சுற்றிய ஒரு செடியோடு.

"இலை கொஞ்சம் ஊதாவா இருக்கும்மா. உன் பூஞ்சை வேலைக்கு வந்துச்சா, லீவு போட்டுச்சா?"

"பார்த்துச் சொல்றேன்."

"என்ன, முகம் வெளுத்துக் கிடக்கு? அக்கா திட்டினாளா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். வேரை நறுக்கிக் காரக் கரைசலில் வேகவைத்து, நீல மையில் ஊறவைத்தாள். பூஞ்சை இருந்தால் வேருக்குள் நீல இழைகள் தெரியும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டாள்.

இதுவரைதான் சொன்னாள்.

5

முடிவு ஒன்று: நீல இழைகள். எழுதிப் பார்த்தேன். பொய் சொல்கிற மாதிரி கை கூசியது.

முடிவு இரண்டு: வெறும் வேர். இனி உரம் போட்டாலும் கரைய நிலத்தில் ஈரமில்லை. அவர் எழுந்து, "சரிம்மா" என்று...

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

நான் அந்த நுண்ணோக்கியில் குனிந்து பார்க்கப்போவதில்லை. விளக்கு எரிகிறது, வேண்டுமானால் நீங்கள் பாருங்கள். ஒன்று மட்டும்: பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அவர் உட்கார்ந்திருப்பார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.