சொல்லக்கூடாது என்று உத்தரவு

ஊர்க்காரர்களே உட்கார்ந்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற ஜூரிக்கு வரச் சொல்லிக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால், அந்த ஊரில் எல்லோரும் முதலில் தேடுவது ஒரு சாக்கைத்தான். முதுகு வலி, மாடு கன்று போடுகிற சமயம், மாமியாருக்கு ஆபரேஷன் என்று ஆளுக்கொன்றைக் கைவசம் வைத்திருப்பார்கள். மேவிஸுக்குச் சாக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை. எழுபது வயது தாண்டிவிட்டது, என்னால் முடியாது என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், விட்டுவிடுவார்கள். அவள் அந்த ஒரு வரியை எழுதவில்லை. பியூட்டி பார்லருக்குப் போய் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நீலக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தாள்.

புருஷன் ஆர்லின் காலமான பிறகு மினசோட்டாவின் அந்தக் குளிரில், அந்தப் பெரிய வீட்டில் அவள் ஒருத்திதான். ஒரே மகன் கர்ட்டிஸ் பெண்டாட்டி ரெனேயோடு அரிசோனாவில் இருக்கிறான். அன்னையர் தினத்துக்கு ஒரு போன், கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். அதைத் தவிர, இந்தப் பக்கம் பனிப்புயல் என்று டிவியில் காட்டினால் ஒரு போன். "என்னம்மா, உயிரோட இருக்கியா?" என்பான். வேடிக்கைக்குத்தான் கேட்பான், அவளும் சிரிப்பாள். பையன் கெட்டவனென்று சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது, நீங்களே சொல்லுங்கள்.

ஜூரிக்கு ஆள் பொறுக்குகிற அன்று வக்கீல் எல்லோரையும் பார்த்து, "வீட்டுல உங்கள நம்பி யாராச்சும் இருக்காங்களா? இங்க வந்தா அவங்களுக்குக் கஷ்டமாகுமா?" என்று கேட்டார். வரிசையாகக் கை தூக்கினார்கள். மேவிஸ் முறை வந்தபோது, "எனக்கு ஒருத்தரும் இல்ல" என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு தரப்பு வக்கீல்களும் அவளைச் சரி என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் சொன்ன மாதிரி அவளுக்கு முகமெல்லாம் சிவந்து போயிற்று.

பிறகு நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: "இந்த வழக்கப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டுக்காரர், பிள்ளைங்க, சிநேகிதங்க, யாரா இருந்தாலும் சரி. ராத்திரி சாப்பிட உக்காரும்போது என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு தொளைப்பாங்க. வாயத் திறக்காதீங்க."

சாப்பிட உட்காரும்போது தொளைக்க மேவிஸ் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஃபிரிட்ஜ்தான் கேட்க வேண்டும்.

வழக்கு ஒன்றும் பெரிய வழக்கில்லை. ஏரி உறைந்து கிடக்கும்போது அதன் மேல் மரக்குடிசை போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள் அல்லவா, அப்படி ஒரு குடிசை போன குளிர்காலத்தில் எரிந்து போய்விட்டது. வெண்டல் என்கிற ஆள் தன் மச்சான் மேல் இருந்த கோபத்தில் கொளுத்திவிட்டான் என்று கேஸ். நாளெல்லாம் மண்ணெண்ணெய் டின்னையும், குளிருக்காகக் குடிசைக்குள் வைத்திருந்த அடுப்பையும் பற்றியே பேச்சு. ஜூரியில் பாதிப் பேருக்குக் கண் சொக்கியது.

முதல் நாள் சாயங்காலம், பகலில் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்வதற்காக மேவிஸே மகனுக்குப் போன் போட்டாள்.

"என்னை ஜூரியில எடுத்துட்டாங்கடா."

"நெசமாவா? என்ன கேஸு?"

"அதச் சொல்லக் கூடாது."

"யார்கிட்ட? என்கிட்டயா? பெத்த புள்ளைகிட்டயா?"

"ஜட்ஜ் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்படின்னா கொலைதான்!" என்றான் கர்ட்டிஸ்.

மறுநாள் ஆறு மணிக்குப் போன் அடித்தது. டிவியில் புயலும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. கர்ட்டிஸ்தான்.

"ரெனே பேங்க் மோசடிங்கறா. நான் கொலைங்கறேன். தோத்தவங்க ஒரு மாசத்துக்குப் பாத்திரம் கழுவணும். நீ வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நான் கேப்பேன், ஆமான்னா ஒரு தடவ இருமு, போதும். இருமறதுக்குமா ஜட்ஜ் தடை போட்டிருக்காங்க?"

அந்த நேரம் பார்த்து மேவிஸுக்குத் தொண்டை அரித்தது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் இருமலை அடக்கிக்கொண்டாள். "போடா போக்கிரி" என்று சொல்லிப் போனை வைத்த பிறகு, சமையலறையில் தனியாக நின்று ஆசை தீர இருமினாள், சிரித்தாள்.

அதற்கப்புறம் தினமும் ஆறு மணிக்குப் போன். கேஸைக் கிண்டிப் பார்ப்பான், அவள் பிடி கொடுக்க மாட்டாள். அந்தச் சாக்கில் வேறு பேச்சும் நடந்தது. அவனுக்கு முழங்கால் வலியாம். பேத்திக்குப் பல்லில் கம்பி கட்டியிருக்கிறார்களாம். "சரி, என்ன சாப்பிட்ட?" என்று ஒருநாள் கேட்டான். ரொட்டியும் காப்பியும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து ஆறு மணிக்குள் அடுப்பை மூட்டிச் சாப்பாடு என்று ஒன்றைச் சமைத்து வைத்தாள், கேட்டால் சொல்வதற்கு.

கோர்ட்டிலும் நன்றாகத்தான் இருந்தது. கேஸைப் பற்றித் தங்களுக்குள்ளும் பேசக் கூடாது என்பதால், மத்தியானச் சாப்பாட்டில் உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற டெல்லா எப்போதும் மேவிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். "பன்னெண்டு பேர்தான வேணும், பதிமூணு பேர எதுக்கு உக்கார வச்சிருக்காங்க தெரியுமா மேவிஸம்மா? நம்மள்ல ஒருத்தர் ஸ்டெப்னி. யாருன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேவிஸும் சிரித்தாள். வெண்டலின் வக்கீல் இழுத்து இழுத்துப் பேசும்போது மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். இன்னும் பேசட்டும், இன்னும் ஒரு சாட்சி வரட்டும் என்று மேவிஸ் மட்டும் வேண்டிக்கொண்டாள். ஒரு சாட்சிக்குக் காய்ச்சல் வந்து வழக்கு ஒருநாள் தள்ளிப் போனபோது, அந்த மனுஷனுக்காக வருத்தப்பட வேண்டும் என்று கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வெண்டல் கொளுத்தியிருக்க மாட்டான் என்று அவளுக்குப் பட்டது. கடைசியில் பன்னிரண்டு பேரும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போது அதை எப்படிச் சொல்வது என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டியவர்கள் பதினோரு பேர்! ஆர்லின் இருந்த காலத்தில்கூட அவளுக்கு அது வாய்க்கவில்லை.

வாதமெல்லாம் முடிந்தது. நீதிபதி அம்மாள் பேப்பரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேவிஸ் அம்மா, நீங்க மாற்று ஜூரர். யாருக்காச்சும் முடியாமப் போனா அந்த எடத்துக்குன்னு உங்கள வச்சிருந்தோம். கடவுள் புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்காங்க. உங்களுக்கு ரொம்ப நன்றி. நீங்க வீட்டுக்குப் போகலாம். தீர்ப்பு வந்ததும் கிளார்க் போன் பண்ணுவார், அது வரைக்கும் வெளிய பேசாதீங்க."

மற்ற பன்னிரண்டு பேரும் எழுந்து வரிசையாக உள்ளே போனார்கள். டெல்லா போகிற போக்கில் அவள் தோளைத் தொட்டு, "ஐயோ, நான் வாய வச்சது பலிச்சிருச்சே" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. மேவிஸ் கோட்டின் பித்தானை ஓட்டை மாற்றிப் போட்டாள். வாசல் காவலர் வந்து சரியாகப் போட்டுவிட்டார். காரில் உட்கார்ந்து அழுதாள். ஒரு மீன் குடிசைக்காக யாராவது அழுவார்களா? அவள் அழுதாள்.

அன்று ஆறு மணிக்குக் கர்ட்டிஸ் கேட்டதற்கு, "இன்னும் பேசக் கூடாதுடா" என்றாள். அது உண்மைதான்.

மறுநாள் மத்தியானம் கிளார்க்கின் போன் வந்தது. "வெண்டல விட்டுட்டாங்கம்மா. குத்தம் இல்லைன்னுட்டாங்க. இனிமே நீங்க யார்கிட்ட வேணாலும் தாராளமாப் பேசலாம். வீட்டுல எல்லாரும் எப்படா சொல்லப் போறீங்கன்னு காத்துக்கிட்டிருப்பாங்க, இல்லையா?"

"ஆமா" என்றாள் மேவிஸ்.

போனை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தாள். சொல்ல என்ன இருக்கிறது? ஒரு குடிசை எரிந்தது, கொளுத்தினான் என்று பிடித்த ஆள் கொளுத்தவில்லை. நாலு வார்த்தை. "அட, இவ்வளவுதானா?" என்பான். ரெனேவும் சிரிப்பாள். அப்புறம் அன்னையர் தினம் வரைக்கும் போன் அடிக்காது. அடுப்பை மூட்ட அவளுக்குக் கை வரவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"என்னம்மா, முடிஞ்சுதா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், ரெனேயும் கேக்கறா."

உண்மையைத்தான் சொல்வேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தவர்களையெல்லாம் இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

"இல்லடா. இன்னும் முடியல."

"இன்னுமா! நாளைக்கும் போகணுமா?"

"போகணும்."

"அப்படி என்னம்மா கேஸு அது?"

"சொல்லக் கூடாதுடா. ஜட்ஜ்..." என்று ஆரம்பித்தாள். நெஞ்சிலிருந்து எழும்பி வந்த அழுகையைத் தொண்டையிலேயே பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அது இருமலாக வெளியே வந்தது.

"இருமிட்டாங்க!" என்று கத்தினான் கர்ட்டிஸ். "ரெனே, கேட்டியா? அம்மா இருமிட்டாங்க! கொலைதான்! நான்தான் மொதல்லயே சொன்னேனே! யாரும்மா செத்தது? சரி சரி, சொல்லாத. நாளைக்குப் பண்றேன், எப்படியும் உன் வாயப் புடுங்காம விட மாட்டேன். சாப்பிட்டியா?"

அவள் மூட்டாத அடுப்பைப் பார்த்தாள்.

"சாப்பிட்டேன்டா" என்றாள். "நாளைக்குப் பண்ணு."